டீச்சரிடம் கேளுங்கள்: "இனி பள்ளிக்கூடம் போக மாட்டேன்!"

இந்த முறை வந்த கடிதக் கட்டைப் பிரித்தால் திரும்பத் திரும்ப ஒரே பல்லவி. வளர்ந்த பிள்ளை படிப்பை விடுகிறேன் என்கிறது, அல்லது விட்டேவிட்டது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வரிசையில் நிற்பவர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்குப் பதினைந்து வயது. போன ஆண்டு வரை ஒழுங்காகத்தான் போய்வந்தான். இப்போது "படிப்பு எனக்கு வராது, இனிமேல் பள்ளிக்கூடம் போக மாட்டேன்" என்கிறான். அவன் அப்பா சத்தம் போட்டார். நான் அழுதேன். என் அண்ணன் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து புத்தி சொன்னார். எதற்கும் அசையவில்லை. காலையில் எழுப்பினால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறான். என்ன செய்வது?
– ஒரு தாய்

பதில்: முதலில் அண்ணனுக்கு நன்றி சொல்லி அனுப்பிவையுங்கள். நல்ல மனிதராகத்தான் இருப்பார். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் பையன் வாயிலிருந்து எத்தனை வாக்கியம் வந்தது என்று அவரைக் கேட்டுப்பாருங்கள்.

"படிப்பு எனக்கு வராது" என்பதைக் கணக்கு டீச்சராக வேலை பார்த்த காலமெல்லாம் கேட்டிருக்கிறேன். அதை அப்படியே நம்பிவிடவும் கூடாது, சோம்பேறித்தனம் என்று தள்ளிவிடவும் கூடாது. அதன் அடியில் பெரும்பாலும் இன்னொரு வாக்கியம் ஒளிந்திருக்கும். "போன வருஷம் இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்தேன், அப்போது நடத்திய பாடம் இன்றுவரை பிடிபடவில்லை." "சத்தமாக வாசிக்கச் சொன்னால் பின்னால் சிரிக்கிறார்கள்." "எல்லோருக்கும் புரிந்தது, எனக்கு மட்டும் புரியவில்லை என்று எப்படி எழுந்து சொல்வது?" ஏன் போகவில்லை என்று கேட்டால் இந்த வாக்கியம் வராது. 'ஏன்' என்பது அந்த வயதுக்குப் போலீஸ் விசாரணை. எந்தப் பாடம், எந்த மாதத்திலிருந்து என்று கேளுங்கள்.

அவனே சொல்லத் தெரியாமல் விழித்தால் அவனிடம் அனுமதி கேட்டு, அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கணக்கு நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டுங்கள். முதலில் வெற்றுத் தாள்கள் வரும். அடுத்து, கேள்வியை மட்டும் எழுதிவிட்டு விடைக்கு இடம் விட்ட பக்கங்கள். அதற்கும் முன்னால், கரும்பலகையைப் பார்த்து எழுதிய விடைகள் மணி மணியாக இருக்கும், ஓர் அடித்தல்கூட இல்லாமல். அந்த அழகுதான் காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் தானாகப் போட்டுப் பார்த்த கணக்கு ஒருநாளும் அழகாக இருக்காது. இன்னும் பின்னால் போங்கள். ஓரத்தில் கிறுக்கிய பெருக்கல், அழித்து எழுதியதில் கிழிந்த தாள், குறுக்கே ஓடும் அம்புக்குறி, சிவப்பு மையில் ஒரு திருத்தம். அந்தப் பக்கத்தில் இருக்கும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மகன் கடைசியாக வகுப்பில் இருந்த நாள் அதுதான். அதற்குப் பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது அவன் சட்டை மட்டும்.

பெரும்பாலும் அந்த இடம் மிகச் சின்னதாக இருக்கும். கழித்தல் குறிக்குப் பின் அடைப்புக்குறி வந்தால் அதைப் பிரிக்கும்போது உள்ளே இருக்கும் குறிகள் மாறும். இது ஒரு மாலையில் சொல்லிக்கொடுக்கக்கூடிய விஷயம். ஆனால் இது பிடிபடாத பிள்ளைக்கு அடுத்து வரும் இயற்கணிதம் முழுக்கத் தப்பாகவே வரும். எவ்வளவு உழைத்தாலும் தப்பாக வருகிறது என்றால் தனக்கு மூளையில்லை என்ற முடிவுக்குத்தானே அவனும் வருவான்?

இன்னொன்றும் பாருங்கள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ராபர்ட் பால்ஃபான்ஸும் அவருடைய சகாக்களும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வருகை 80 சதவீதமோ அதற்கும் கீழோ போனவர்கள், கணக்கிலோ மொழிப்பாடத்திலோ தோற்றவர்கள், பள்ளியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டவர்கள் – இவர்களில் பெரும்பாலோர் உரிய காலத்தில் பள்ளிப்படிப்பை முடிக்கவில்லை. அதாவது பதினைந்து வயதில் "போக மாட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே வருகைப் பதிவேடும் மதிப்பெண் பட்டியலும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அங்கே வேலை நாட்களில் பத்தில் ஒரு பங்கு வராவிட்டாலே 'தொடர் வராமை' என்று கணக்கில் எடுக்கிறார்கள். 180 வேலை நாளில் அது 18 நாள், மாதத்துக்கு இரண்டு நாள்தான். இரண்டு நாள் தலைவலியை எந்த வீட்டில் கவனிக்கிறோம்?

அந்தத் தலைவலி வந்த நாட்களைக் கால அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஒரே பாடத்தின் நாளில் வருகிறதென்றால் விஷயம் பாடத்தில் இருக்கிறது. பாடத்தோடு ஒட்டவில்லை என்றால் வகுப்புக்கு வெளியே தேடுங்கள்: போகிற வழி, விளையாட்டு நேரம், கழிப்பறை. அங்கே யாராவது அவனைப் படுத்துகிறார்களா? முன்பு ஆசையாகச் செய்தவற்றிலும் ஆர்வம் போய், சாப்பாடும் தூக்கமும் மாறியிருந்தால் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

விட்டுப்போன இடம் தெரிந்ததும் நீங்கள் பின்வாங்க வேண்டும். இதுதான் தாய்மார்களுக்குக் கஷ்டம். எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது, யாரிடம் போய்க் கேட்பது, காலையா மாலையா, எல்லாம் அவன் முடிவு. பழைய வகுப்பின் புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன் என்றால் அதையும் ஒப்புக்கொள்ளுங்கள், அதில் கௌரவம் பார்க்காதீர்கள். பள்ளிக்குப் போவதா வேண்டாமா என்பதை மட்டும் விவாதத்துக்கு எடுக்காதீர்கள். போகிறான், அவ்வளவுதான். எப்படி நிமிர்ந்து போவது என்பதைப் பற்றி அவன் எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும். அவன் அப்பாவுக்கும் ஒரு வேலை இருக்கிறது: வகுப்பாசிரியரைப் பார்க்க மகனோடு போவது, போய்ப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது.

கேள்வி: பில் கேட்ஸும் மார்க் ஸக்கர்பெர்க்கும் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். ஐன்ஸ்டைன் கணக்கிலேயே ஃபெயில். நான் விட்டால் மட்டும் ஏன் எல்லோரும் குதிக்கிறார்கள்?
– பத்தாம் வகுப்பு மாணவன்

பதில்: தம்பி, வக்கீல் ஆகலாம் நீ. ஆனால் சாட்சிகளைச் சரியாக விசாரிக்கவில்லை.

பில் கேட்ஸ் விட்டது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை, 1975இல். பள்ளிக்கூடத்தை அல்ல. பள்ளியை முடித்து, நுழைவுத் தேர்வில் 1600க்கு 1590 வாங்கித்தான் உள்ளே போனார். அவர் கணினியை முதலில் தொட்டதே பள்ளிக்கூடத்தில்தான். 1968இல், பதின்மூன்று வயதில், அவர் படித்த பள்ளியில் கணினியோடு இணைத்த ஒரு தட்டச்சு முனையம் வந்தது. ஸக்கர்பெர்க் 2004இல் விட்டதும் அதே ஹார்வர்டைத்தான். கையில் ஓடிக்கொண்டிருந்த தொழிலுக்காக விட்டார்கள், காலையில் எழுந்திருக்கச் சலித்து விடவில்லை.

ஐன்ஸ்டைன் உனக்கு இன்னும் மோசமான சாட்சி. மியூனிக்கில் அவர் படித்த பள்ளியின் கெடுபிடி பிடிக்காமல் 1894 கடைசியில், உன் வயதில், விட்டுவிட்டுப் போனது உண்மை. அடுத்த ஆண்டே சூரிச்சில் இருந்த தொழில்நுட்பக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு எழுதினார். கணக்கிலும் இயற்பியலிலும் நன்றாகச் செய்தார், பொதுப் பாடங்களில் கோட்டைவிட்டார். பிறகு என்ன செய்தார்? ஆராவ் என்ற சிற்றூரில் வேறொரு பள்ளியில் சேர்ந்து, ஓராண்டு உட்கார்ந்து படித்து, 1896இல் பள்ளி இறுதித் தேர்வை முடித்துவிட்டுத்தான் கல்லூரிக்குள் நுழைந்தார். அந்தத் தேர்வில் கணக்குக்கு 6க்கு 6. பிரெஞ்சுக்கு 3. ஆராவ் பள்ளி அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. மாணவனைச் சிந்திக்கவிட்ட இடம் என்று பின்னாளில் பாராட்டினார்.

ஆகவே உனக்கு ஐன்ஸ்டைன்தான் வழிகாட்டி என்றால், உன் பள்ளி உனக்கு ஒத்துவரவில்லை என்று வீட்டில் சொல், ஒத்துவரும் பள்ளியைத் தேடச் சொல். அந்தப் பேச்சில் நான் உன் பக்கம்.

கேள்வி: முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் புது செல்போன் என்று மகளிடம் சொன்னேன். வந்துவிட்டாள். இப்போது அடுத்த தேர்வுக்கு என்ன தருவீர்கள் என்று பேரம் பேசுகிறாள். பதிமூன்று வயதுதான் ஆகிறது!
– பேரத்தில் தோற்ற அம்மா

பதில்: பேரம் சொல்லிக்கொடுத்தது யார் என்று நான் கேட்கப்போவதில்லை.

1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து, விரும்பினால் வரையலாம் என்று தாளையும் பேனாவையும் சும்மா வைத்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களில் பாதியளவு நேரம்தான் வரைந்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு முன்பு பிடித்திருந்த வேலை அது.

அறவே பிடிக்காத ஒரு பாடத்தைத் தொட வைக்க எப்போதாவது ஒரு சின்ன ஆசை காட்டுவது பாவமில்லை. ஆனால் ரேங்க்குக்கு விலை வைக்காதீர்கள். ரேங்க் மற்றப் பிள்ளைகள் கையிலும் இருக்கிறது. கொடுத்த போனைத் திரும்பப் பிடுங்கவும் வேண்டாம். அடுத்த முறை கேட்டால், "இந்தத் தடவை எந்தப் பாடம் உனக்கே பிடித்து வந்தது?" என்று நீங்கள் கேளுங்கள். முதல் நாள் முறைப்பாள். முறைக்கட்டும்.

கேள்வி: ராத்திரி ஒரு மணி வரை படிக்கிறேன். ஒவ்வொரு பாடத்தையும் மூன்று முறை படித்து, முக்கியமான வரிகளில் மஞ்சள் கோடு போடுகிறேன். படிக்கும்போது எல்லாம் புரிகிறது. தேர்வில் ஒன்றும் வருவதில்லை. எனக்கு மூளை இல்லை, விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது.
– பதினாறு வயது மாணவி

பதில்: மூளையில் குறையில்லை அம்மா. முறையில்தான் குறை, அதை யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை.

அமெரிக்காவில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இருவர் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களிடம் ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலர் அதையே மறுபடி படித்தார்கள். சிலர் தாளை மூடிவிட்டு நினைவில் உள்ளதை எழுதிப்பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ்: எழுதிப்பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42. படிக்கும்போது எல்லாம் புரிகிறது என்கிறாயே, அந்த ஐந்து நிமிட வெற்றியைத்தான் நீ தினமும் அனுபவித்துக்கொண்டிருக்கிறாய். தேர்வு ஒரு வாரம் கழித்துத்தானே வருகிறது.

இன்றைக்கு ஒரு பாடத்தை ஒரே ஒரு முறை படி. புத்தகத்தை மூடி வேறு அறையில் வைத்துவிடு, மேஜையிலேயே இருந்தால் கை தானாகப் போகும். வெள்ளைத் தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் நீல மையில் எழுது. அரைப் பக்கத்தில் நின்றுவிடும், எரிச்சல் வரும், எழுந்து போகலாம் என்று இருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார். எங்கிருந்தோ இன்னும் இரண்டு வரி வரும். அதன்பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டதைச் சிவப்பு மையில் நிரப்பு. நாளைக்கு அந்தச் சிவப்பு வரிகளை மட்டும் இதேபோல் செய்து பார். அடுத்து நான்கு நாள் கழித்து மறுபடி. மஞ்சள் பேனாவைத் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுத்துவிடு.

ஒரு மணி வரை விழிப்பதையும் நிறுத்து. பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயது வரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016இல் அறிவித்தது. இந்த வயதில் உடலின் கடிகாரமே தாமதமாகத்தான் தூக்கத்தைக் கொண்டுவரும். உன் அம்மா "சோம்பேறி, ஒன்பது மணிக்குத் தூக்கம் வரவில்லையா?" என்று கேட்டால் இந்தப் பத்தியைக் காட்டு. விழித்திருக்கச் சாக்காக மட்டும் இதைப் பயன்படுத்தாதே.

கேள்வி: "படித்து என்ன கிழிக்கப் போகிறான்?" என்று கேட்கும் உறவினருக்கு என்ன பதில் சொல்வது?
– எரிச்சலில் இருப்பவர்

பதில்: "தெரிந்ததும் உங்களுக்குத்தான் முதலில் சொல்வோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுங்கள். ஆனால் அவர் இதைப் பையன் காதுபடக் கேட்டிருந்தால், பையனிடம் தனியாக ஒரு வார்த்தை பேசுங்கள். அவன் சிரித்து மழுப்பினாலும் அந்தக் கேள்வியைப் படுக்கைக்கு எடுத்துப்போயிருப்பான்.

கேள்வி: எனக்கு உடம்பு சரியில்லை, வேலைக்கு ஒழுங்காகப் போக முடிவதில்லை. பதினாறு வயது மகன், "நான் வேலைக்குப் போகிறேன், தங்கை படிக்கட்டும்" என்கிறான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. கல்வி முக்கியம் என்று வெறும் உபதேசம் செய்யாமல் பதில் சொல்லுங்கள்.
– ஒரு தந்தை

பதில்: உபதேசம் செய்யவில்லை. உங்கள் மகன் படிப்பை வெறுத்து விடவில்லை, பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ள வருகிறான். அதற்கு முதலில் அவனைப் பாராட்டிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். உங்களுக்கு யோக்கியதை இல்லை என்பதெல்லாம் பேச்சே இல்லை.

டொமினிகன் குடியரசில் ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். எட்டாம் வகுப்புப் பையன்களிடம், பள்ளியை முடித்தால் எவ்வளவு சம்பளம் வரும் என்று நினைக்கிறாய் எனக் கேட்டார்கள். பையன்கள் சொன்ன தொகை நிஜத்தைவிட மிகவும் குறைவு. படித்து முடித்தவனுக்கும் விட்டவனுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது என்றே நம்பினார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் உண்மையான வருமான விவரத்தைச் சொன்னார்கள், வேறொன்றும் செய்யவில்லை. அடுத்த நான்கு ஆண்டுகளில் அவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 0.20 முதல் 0.35 ஆண்டு வரை கூடுதலாகப் படித்தார்கள். ஆனால் மிகவும் ஏழைக் குடும்பத்துப் பையன்களிடம் இது பலிக்கவில்லை. விவரம் தெரிந்தும் கையில் பணம் இல்லாவிட்டால் எப்படிப் படிப்பது? அந்த ஆய்வில் இதை மூடி மறைக்காமல் எழுதியிருக்கிறார். "கல்வி முக்கியம்" என்ற உபதேசம் ஏன் உங்கள் வீட்டுக்குப் போதாது என்பதற்கும் அதுதான் விடை.

அதனால் பணத்தை மகனோடு சேர்ந்து தாளில் எழுதுங்கள். மாதத்துக்கு எவ்வளவு துண்டு விழுகிறது? அவன் வேலைக்குப் போனால் எவ்வளவு வரும்? படிக்கும் பிள்ளை இருப்பதால் கிடைக்கும் உதவித்தொகை, கட்டணச் சலுகை என்னென்ன என்று பள்ளித் தலைமை ஆசிரியரிடம் நேரில் கேளுங்கள். கூச்சமாக இருக்கும், எனக்குத் தெரியும். நான் பார்த்தவரை ஆசிரியர்கள் இந்த ஒரு விஷயத்தில் மனமாரத்தான் உதவுவார்கள். துண்டு விழும் தொகை சிறியதென்றால் விடுமுறை நாளில் மட்டும் செய்யும் வேலையில் அது அடைபடலாம். முழு நேர வேலைக்கும் அதற்கும் உள்ள தூரம் பெரியது. பதினெட்டு வயதுக்குள் ஆபத்தான வேலை எதுவும் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் ஆண்டு ஒப்பந்தம் சொல்கிறது. எந்த வேலையானாலும் அதை நினைவில் வையுங்கள்.

வேறு வழியே இல்லாமல் நிற்கத்தான் வேண்டும் என்றால், சும்மா நின்றுவிடாமல் நிற்க வேண்டும். பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுக்காமல் தனித்தேர்வராகவோ தொலைநிலைப் பள்ளி வழியாகவோ தொடர முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த மாதம் திரும்புகிறான் என்பதை நாட்காட்டியில் குறியுங்கள். அந்த மாதம் வரும்போது அவன் சம்பளம் குடும்பத்துக்குப் பழகிப்போயிருக்கும். அப்போது "போய்ப் படி" என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். அவன் வாயிலிருந்து வராது. தங்கைக்கும் ஒன்று: "அண்ணன் உனக்காகத்தான் விட்டான்" என்று அவளிடம் சொல்லிக்காட்டாதீர்கள். அந்தச் சுமையோடு எந்தப் பிள்ளையும் படிக்க முடியாது.

கேள்வி: எனக்கு வயது பதினேழு. பாடப்பிரிவை அப்பா தேர்ந்தெடுத்தார். எப்போது எதைப் படிக்க வேண்டும் என்று அம்மா அட்டவணை போடுகிறார். ஆசிரியரிடம் பேசுவதும் அவரே. நான் எதற்கு? சும்மா உடம்பை மட்டும் கொண்டுபோய் வருகிறேன்.
– யாருடைய படிப்பு இது?

பதில்: உன் கையெழுத்தைப் பார்த்தாலே கோபம் தெரிகிறது. நியாயமான கோபம். மனிதனுக்கு எதையும் மனமொத்துச் செய்ய மூன்று விஷயம் தேவை என்பது எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற உளவியலாளர்களின் கோட்பாடு: தன் முடிவு என்ற உணர்வு, தன்னால் முடிகிறது என்ற உணர்வு, தன்னைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. உனக்குக் கடைசி இரண்டும் இருக்கலாம், முதலாவதை வீட்டில் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

ஆனால் பாடப்பிரிவிலிருந்து சண்டையைத் தொடங்காதே. அது பெரிய மலை. சின்னதாகப் பிடி. அம்மா போடும் அட்டவணையைக் குறை சொல்லாமல் நீயே ஒன்று போட்டு, இரண்டு வாரம் அதன்படி நடந்து, எது நடந்தது எது நடக்கவில்லை என்று டிக் அடித்த தாளோடு அம்மாவிடம் போ. நடக்காததை மறைக்காதே. டிக் இல்லாத கட்டங்களைப் பார்த்துத்தான் அவருக்கு நம்பிக்கை வரும். அடுத்தது ஆசிரியர். சில பள்ளிகளில் பெற்றோர் சந்திப்பை மாணவரே நடத்துகிறார். தன் நோட்டுகளைப் பரப்பிவைத்து, இது எனக்கு வருகிறது, இது வரவில்லை, அடுத்த மாதம் இதைச் செய்யப்போகிறேன் என்று பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் சொல்கிறார். உன் பள்ளியில் அந்த வழக்கம் இல்லாவிட்டாலும் அடுத்த சந்திப்புக்கு நீயும் வருகிறேன் என்று சொல், முதல் ஐந்து நிமிடம் நீ பேசு. உன்னைப் பற்றி மூன்றாம் மனுஷியைப் போல அவர்கள் பேசிக்கொள்வது அன்றோடு குறையும்.

பாடப்பிரிவை மாற்ற வேண்டும் என்றால் "பிடிக்கவில்லை" என்று மட்டும் சொன்னால் அப்பா கேட்கமாட்டார். நானும் கேட்கமாட்டேன். எந்தப் படிப்பு, எங்கே இருக்கிறது, சேர என்ன மதிப்பெண் வேண்டும், அது கிடைக்காவிட்டால் அடுத்து என்ன, முடித்தவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் – இவ்வளவையும் எழுதி எடுத்துப் போ. அந்தத் துறையில் இருக்கும் ஒருவரிடமாவது நேரில் பேசியிரு. விசாரிக்கும்போது உனக்கே அந்த ஆசை குறைந்துவிடலாம். அப்படி ஆனாலும் அது உன் முடிவுதான்.

கேள்வி: நான் இளம் ஆசிரியர். என் வகுப்பில் ஒரு மாணவன் தினமும் வருகிறான், யாரையும் தொந்தரவு செய்வதில்லை, எதுவும் எழுதுவதும் இல்லை. நான் திருத்திக் கொடுத்ததைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

பதில்: சத்தம் போடும் பையன் தன்னைக் கவனிக்க வைத்துவிடுகிறான். இவன்தான் சந்தடியில்லாமல் காணாமல் போவான். கடிதம் எழுதினீர்களே, நல்லது.

டேவிட் யேகர், ஜெஃப்ரி கோஹன் முதலியோர் 2014இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையைச் செய்துபாருங்கள், செலவே இல்லை. ஏழாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தியபின் ஒரு சிறு சீட்டு ஒட்டினார்கள். சிலருக்கு, உன் கட்டுரை பற்றிய கருத்துக்காக இவற்றை எழுதினேன் என்று பொதுவான வரி. சிலருக்கு, உன்னிடம் நான் மிகவும் உயர்ந்த தரத்தை எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்ட முடியும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவற்றை எழுதினேன் என்ற பொருளில் ஒரு வரி. கறுப்பின மாணவர்களில், பொதுச் சீட்டு பெற்றவர்களில் 17 சதவீதம்தான் கட்டுரையைத் திருத்தி எழுதினார்கள். இரண்டாவது சீட்டு பெற்றவர்களில் 72 சதவீதம். திருத்தங்களைக் குறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பரிதாபப்பட்டு மதிப்பெண் போட்டால் இந்தப் பையன் கண்டுபிடித்துவிடுவான்.

அடுத்த ஆண்டு அவன் வேறு ஆசிரியரிடம் போனாலும் வாரத்துக்கு ஒருமுறை நடைவழியில் நிறுத்தி இரண்டு வார்த்தை பேசுங்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1990இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் இப்படிப்பட்ட மாணவருக்கு ஒரு பெரியவரைத் துணை வைக்கிறார்கள். அவர் குறைந்தது இரண்டு ஆண்டுகள் கூடவே இருப்பேன் என்று ஒப்புக்கொண்டால்தான் சேர்க்கிறார்கள்.

கேள்வி: பதினாறு வயதில் பள்ளியை விட்டேன். யாரும் துரத்தவில்லை, நானேதான் விட்டேன். இப்போது பதினெட்டு. திரும்பப் படிக்க ஆசை. சின்னப் பையன்களோடு உட்கார வெட்கமாக இருக்கிறது. இனிமேல் போனால் யார் சேர்த்துக்கொள்வார்கள்?
– திரும்ப நினைப்பவன்

பதில்: கென்யாவில் கிமானி மருகே என்ற முதியவர் 2004இல், எண்பத்து நான்கு வயதில், முதல் வகுப்பில் சேர்ந்தார். சீருடை போட்டுக்கொண்டு குழந்தைகளோடு உட்கார்ந்தார். கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இருக்கிறார். அவரைப் பற்றிச் சொன்னால் உனக்கு எரிச்சல்தான் வரும், தெரியும். எண்பத்து நான்கு வயதில் யாருக்கும் வெட்கம் இருக்காது, பதினெட்டில்தான் இருக்கும். ஆகவே வெட்கப்படாதே என்று சொல்லமாட்டேன். முதல் வாரம் பட்டுத்தான் ஆக வேண்டும். "ஏன் லேட்டு?" என்று கேட்பார்கள். "வேலைக்குப் போனேன், இப்போது படிக்க வந்தேன்" என்று ஒரே வரியில் சொல். இரண்டாவது தடவை கேட்க யாருக்கும் சுவாரசியம் இருக்காது.

அதே வகுப்பறைக்குத்தான் திரும்ப வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பல நாடுகளில் திறந்தநிலைப் பள்ளிகள், மாலை வகுப்புகள், தனித்தேர்வு எல்லாம் உன்னைப் போன்றவர்களுக்காகவே இருக்கின்றன. மேற்படிப்புக்கும் அப்படித்தான், பிரிட்டனில் 1969இல் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முன்தகுதி கேட்காமலேயே மாணவர்களைச் சேர்த்தது. ஆனால் வீட்டிலிருந்து படிக்கும் வழியில் உன்னை எழுப்ப மணி அடிக்காது. இரண்டு ஆண்டு பழக்கம் விட்டுப்போனவனுக்கு, வாரத்தில் சில மணி நேரமாவது ஆள் முகம் பார்த்துப் படிக்கும் வழிதான் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

பழைய பள்ளியின் அலுவலகத்துக்குத் தனியாகப் போ, அப்பாவை அழைத்துப் போகாதே. கடைசியாகத் தேறிய வகுப்புக்கான சான்றிதழ், பிறந்த தேதிக்கான சான்று, பழைய மதிப்பெண் பட்டியல் மூன்றையும் கேள். எந்த வகுப்பில் சேரத் தகுதி, வயது வரம்பு உண்டா, தேர்வுக் கட்டணத்தில் சலுகை உண்டா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டு, பதிலையும் அங்கேயே எழுதிக்கொள். சேர்க்கைக்குக் கடைசி நாள் எது என்பதை மட்டும் இன்றே தொலைபேசியில் விசாரித்துவிடு. அது போன வாரமே முடிந்திருந்தால் நேரில் போவதற்குள் அடுத்த வழியை யோசித்துவைக்கலாம்.